காப்புக் கட்டிய ஊரில் ரத்தம் கேட்கப் போனது

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரம்மா கேட்டார். நேரில் வந்து சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன். நேரில் வந்தால் நீங்கள் ‘பார்த்து நடந்துக்கங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவீர்கள், அதனால் எழுதுங்கள் என்றார். அது உண்மைதான். எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் இந்த ஆராய்ச்சியில் வண்டி ஓட்டினேன். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு பக்கவாதம் வருகிறது. சில குடும்பங்களில் மட்டும் அப்பா, பிள்ளை, சித்தப்பா என்று அடுத்தடுத்து வருகிறது. பிறக்கும்போதே உடம்பில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அதற்கு, நோய் வந்தவர் ரத்தமும் வேண்டும். அவர் கூடப் பிறந்து, வராமல் இருப்பவர் ரத்தமும் வேண்டும். இரண்டையும் வைத்துப் பார்த்தால் எந்த மரபணுவில் வித்தியாசம் என்று தெரியுமாம். மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி எழுதமாட்டேன்.

என் வேலை மூன்று. வண்டி ஓட்டுவது. ஐஸ் பெட்டியைத் தூக்குவது. வாசலில் நின்று பேசுவது. மூன்றாவதுதான் கஷ்டம்.

வீடு வீடாகப் போகப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கம் யாருக்கும் பக்கவாதம் வருவதே இல்லை. எல்லோரும் வழுக்கித்தான் விழுகிறார்கள். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டால் பாத்ரூமில் வழுக்கிவிட்டார் என்பார்கள். பெரியப்பாவுக்கு? வாய்க்கால் வரப்பில் வழுக்கிவிட்டார். தாத்தாவுக்கு? அவர் காலத்தில் பாத்ரூம் ஏது, கம்மாய்க் கரையில் வழுக்கியிருப்பார். ஒரு வீட்டில் குடும்பமே வழுக்கியிருந்தது. திரும்பி வரும்போது டாக்டரம்மா, “இந்த ஊர்ல தரை பூரா பாசியாண்ணே?” என்று கேட்டார்.

“கல்யாணத்துக்குப் பொண்ணு நிக்குதும்மா” என்றேன்.

அவ்வளவுதான் விஷயம். குடும்ப நோய் என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும். அதற்குப் பிறகு டாக்டரம்மா வாசலில் நின்று நோயைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே போகாது என்று சத்தியம் பண்ணிவிட்டுத்தான் கேட்பார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நானும் இங்கே எந்த ஊர், எந்த வீடு என்று எழுதவில்லை.

யாருக்கு யார் பிள்ளை என்று கோடு போட்டு வரைகிற படமும் உங்கள் தலையில்தான் விழும். வெளிநாட்டில் வரைந்தால் மரம் மாதிரி கிளை விட்டுப் போகுமாம். இங்கே அக்கா மகளைக் கட்டியிருப்பார்கள். அத்தை மகனைக் கட்டியிருப்பார்கள். மேலே போன கோடு சுற்றிக்கொண்டு புறப்பட்ட ஆளிடமே வந்து நிற்கும். ஒரு நாள் டாக்டரம்மா வரைந்து வரைந்து பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். “இது மரம் இல்லண்ணே, கூடை” என்றார். கூடை என்றால் கூடை என்றே வரையுங்கள். மரமாக மாற்றாதீர்கள்.

சொல்ல வந்தது வேறு.

வாடிப்பட்டி தாண்டி உள்ளே போகிற ஒரு ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவர், நாற்பது வயது ஆகாதவர், கை கால் விழுந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் சரியாகத் திரும்பவில்லை. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக, யோசித்து யோசித்து வரும். அவருடைய அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இதே நோய். கூடப் பிறந்த அண்ணன் ஒருவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. வயது கூடுதல், ஆனால் ஆள் இரும்பு. அந்த அண்ணன் ரத்தம் கிடைத்தால் போதும் என்று டாக்டரம்மா நாளெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் அந்த ஊர் அம்மனுக்குச் சாமியாடி. அவர் மேல் ஆத்தா இறங்கிக் குறி சொல்லும். சுத்துப்பட்டு ஊரிலிருந்து கேட்க வருவார்கள். மைக் தேவைப்படாத தொண்டை.

டாக்டரம்மா தம்பிக்குப் போன் போட்டு, வியாழக்கிழமை வரலாமா என்று கேட்டார். அவர் “வா...ங்...க” என்று தொடங்கினார். டாக்டரம்மா சந்தோஷமாக நன்றி சொல்லி வைத்துவிட்டார். வாங்க, ஆனால் திருவிழா முடிந்து வாங்க என்பதுதான் அவர் சொல்ல வந்தது. பக்கவாதம் வந்தவரிடம் போன் பேசினால் அவர் முடிக்கும் வரை காத்திருங்கள். ஆராய்ச்சி எங்கேயும் ஓடிப்போகாது.

ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. நான் வண்டியை நிறுத்தினேன். காப்புக் கட்டிவிட்டார்கள், திரும்பிவிடலாம் என்றேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கேட்டுப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா.

அவர் மதுரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், எல்லாம் முடிந்து சாமி மலையேறும் வரை அந்த ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் போகலாம், வரலாம். இருட்டுவதற்குள் ஊர் எல்லைக்குள் இருக்க வேண்டும். கையில் காப்புக் கயிறு கட்டியிருக்கிற சாமியாடிக்கு அந்தப் பகலும் கிடையாது. எல்லையைத் தாண்டவே கூடாது.

மந்தைத் திடலில் வேப்பமரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் ஊர்ப் பெரியவர். பக்கத்தில் சாமியாடி, மஞ்சள் வேட்டி, வலது மணிக்கட்டில் மஞ்சள் கோத்த காப்பு. தம்பி ஓரமாக ஒரு கல்லில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா விளக்கினார். அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு என்ன வருகிறது, அண்ணன் தம்பிக்குள் எது ஒன்றாக இருக்கும், எது மாறும் என்று நல்ல தமிழில் நெடுநேரம் சொன்னார். ஊர் ஓட்டுக் கேட்க வந்தவரைப் பார்ப்பது போலப் பார்த்தது. முடிந்ததும் சாமியாடி கேட்டார்.

“சரி தாயி. ரத்தத்த இங்கன எடுக்குற. அப்பறம் அது எங்க போகும்?”

மதுரைக்கு என்றார் டாக்டரம்மா. இன்றைக்கே பார்த்து முடித்துவிடுவாயா என்றார் அவர். இல்லை, ஃப்ரீசரில் வைத்திருப்போம் என்றார் டாக்டரம்மா. எவ்வளவு நாளைக்கு என்றார். வருசக்கணக்கில் இருக்கும் என்றார் டாக்டரம்மா. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டரம்மாவுக்குப் பொய் வராது. அது நல்ல குணம். வண்டி ஓட்டுகிறவனுக்குத்தான் சிரமம்.

சாமியாடி ஊர்ப் பெரியவர் பக்கம் திரும்பினார். “கேட்டீகளா? ஒரு ராத்திரி தங்கக் கூடாதுன்னு காப்புக் கட்டியிருக்கேன். எங்க ரத்தம் அங்க வருசக்கணக்கா தங்குமாம். அப்ப நான் எங்க தங்குறேன்?”

கேள்வி ஊருக்குப் பிடித்துவிட்டது. ஆளாளுக்குப் பேசினார்கள். ரத்தம் வேறு, ஆள் வேறு என்றார் ஒருவர். அப்படியானால் நீ உன் ரத்தத்தை இங்கே வைத்துவிட்டு வாடிப்பட்டி போய்விட்டு வா பார்ப்போம் என்றார் இன்னொருவர். பின்னால் நின்ற இளவட்டம் ஒன்று, கொசு கடித்துவிட்டு எல்லை தாண்டிப் பறக்கிறதே, அது உத்தரவு வாங்கியா போகிறது என்று கேட்டது.

“அது நம்மூருக் கொசு மாப்ள” என்றார் பக்கத்தில் இருந்தவர். “பொழுது சாஞ்சா இங்கனதான் வந்து அடையும்.”

நான் டாக்டரம்மாவிடம் கண்ணைக் காட்டினேன். அவரும் புரிந்துகொண்டு பையை மூடினார். திருவிழா முடிந்து வருகிறோம் என்று சொல்லிக் கிளம்பும் நேரம். சாமியாடி விடவில்லை. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புகிறோம், காரணமாவது சொல்லி அனுப்ப வேண்டாமா என்று எழுந்தார். விபூதித் தட்டைக் கையில் எடுத்தார். தொண்டையைச் சரிசெய்தார்.

“எங்கப்பனுக்கு வந்துச்சு. பெரியப்பனுக்கு வந்துச்சு. இந்தா ஒக்காந்திருக்கானே, இவனுக்கு வந்துச்சு. எனக்கு ஏன் வரல? ஏன் வரலன்னா...”

அடுத்த வார்த்தை வரவில்லை. வாய் அசைந்தது. ஏதோ சத்தம் வந்தது, அது வார்த்தையாக இல்லை. தட்டு சாய்ந்து விபூதி கொட்டியது. பிறகு தட்டும் விழுந்தது. அவர் அப்படியே மரத்தில் சாய்ந்து கீழே இறங்கினார்.

பெண்கள் குலவை போட்டார்கள். கொட்டுக்காரர் கொட்ட ஆரம்பித்தார். யாரோ சூடம் கொளுத்தினார்கள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் அவர் தலையில் இறங்கியது. ஊர்ப் பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆத்தா, நல்ல நேரத்தில் வந்தாய், நீயே தீர்ப்பு சொல்லு, ரத்தம் போகலாமா கூடாதா என்று கேட்டார். கொட்டு நின்றது. எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். “ஆ” என்று ஒரு சத்தம் வந்தது. பாதிப் பேர் போகலாம் என்றார்கள். பாதிப் பேர் கூடாது என்றார்கள்.

நானும் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றேன். பக்கவாதம் வந்தவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். எல்லாம் வந்து முடிந்தவர்கள். வருகிற நேரத்தில் பார்த்ததில்லை.

டாக்டரம்மாதான் பார்த்தார். அவர் சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. பதற்றம் வந்தால் வீட்டுப் பாஷைதான் முதலில் வரும். என்னவோ சொல்லிக்கொண்டே கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஒரு அம்மா, “இந்தப் பிள்ளைக்கும் வந்துருச்சுடி” என்றார். அவருக்கும் ஒரு குலவை விழுந்தது.

டாக்டரம்மா முட்டி போட்டு உட்கார்ந்து, அவரைச் சிரிக்கச் சொன்னார். ஒரு பக்கம்தான் சிரித்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். இடது கை மட்டும் மேலே போனது. ஆத்தா இடது கையால் ஆசீர்வாதம் செய்கிறதே, நல்லதுக்கா கெட்டதுக்கா என்று பின்னால் ஒரு பேச்சு எழுந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

“அண்ணே, ஸ்ட்ரோக்.”

இதை நீங்கள் படித்திருப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் போட மாட்டார்கள். போட்டால் ஆபத்து. அந்தக் கெடுவுக்குள் மதுரை போய், ஸ்கேன் எடுத்து, ஊசி ஏற வேண்டும். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர்கள் கேட்பார்கள். அதற்கு மட்டும் கவலை இல்லை. ஊரே சாட்சி.

ரத்தம் எடுக்க எங்களோடு வந்திருந்த நர்ஸ் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது. அது எங்கிருந்தோ கிளம்பி வர வேண்டும். எங்கள் வண்டி அங்கேயே நின்றது. தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் சாமி வந்தவரை யார் தூக்குவது?

இது சாமி இல்லை, பக்கவாதம் என்று டாக்டரம்மா கூட்டத்துக்குச் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. கூட்டம் நெருங்கி வந்தது. ஆத்தா வந்து உட்கார்ந்திருக்கிறபோது நோய் என்கிறாயே, படித்த பிள்ளை பேசுகிற பேச்சா என்று ஊர்ப் பெரியவர் கேட்டார். அவர் கத்தவில்லை. கத்தாமல் கேட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குள் ஒருவர் செம்பில் தீர்த்தம் கொண்டுவந்தார். சாமியாடி வாயில் ஊற்றப் போனார். இந்த நேரத்தில் தண்ணீர் விழுங்க முடியாது, மூச்சுக்குழாயில் போய்விடும் என்று டாக்டரம்மா போகிற வீட்டிலெல்லாம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை அங்கே விளக்க நேரமில்லை. எனக்குக் கொடுங்கள் என்று கையேந்தினேன். தீர்த்தம் கேட்டால் மறுக்க முடியாது. வாங்கி ஒரு செம்பு முழுவதும் குடித்தேன். அவர் அடுத்த செம்புக்குப் போனார். அதையும் குடித்தேன். என்ன, இந்த டிரைவருக்கு இவ்வளவு பக்தி என்று பார்த்தார்கள். வயிறு உப்பிவிட்டது.

மூன்றாவது செம்புக்கு அவர் போனபோது யோசித்தேன். கூட்டத்தோடு பேசி ஆகாது. கூட்டத்துக்குக் காது கிடையாது. இந்த மனிதரைத் தினம் பார்க்கிற ஒரு ஆளிடம் பேச வேண்டும். அவருடைய வீட்டுக்காரம்மா எங்கே என்று பார்த்தேன். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. குலவை போடவில்லை. கும்பிடவும் இல்லை. புருசனையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிட்டே போய், அக்கா, இவருக்குச் சாமி வந்தால் இப்படித்தான் வருமா என்று மட்டும் கேட்டேன்.

“இல்ல” என்றது. “ஆத்தா வந்தா மொதல்ல என்னயத்தான் வையும். உப்பு பத்தலம்பா, கோலம் கோணலும்பா. இம்புட்டு நேரமாச்சு. இன்னும் வையல.”

சொல்லிவிட்டுக் கொழுந்தனைப் பார்த்தது. தம்பி கல்லைவிட்டு எழுந்து நின்றிருந்தார். கண்ணில் தண்ணீர். அவருக்கு எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்காரம்மா கூட்டத்துக்குள் போனது. வழி விட்டார்கள். “இது ஆத்தா இல்ல. எங் கொழுந்தனுக்கு வந்ததுதான் இது. வண்டியில ஏத்துங்க” என்றது. நாங்கள் சொன்னால் அடி விழும். அந்தம்மா சொன்னதும் தீர்த்தம் வைத்திருந்தவர் செம்பைக் கீழே வைத்தார்.

அப்போதுதான் அடுத்த சிக்கல். கையில் காப்பு. காப்போடு எல்லை தாண்ட முடியாது. ஆஸ்பத்திரியில் ராத்தங்காமல் முடியாது. அப்படியானால் காப்பை அவிழ்க்க வேண்டும். நடுத் திருவிழாவில் அவிழ்ப்பதென்றால் ஆத்தாவே உத்தரவு கொடுக்க வேண்டும். ஆத்தா உத்தரவைச் சொல்கிற வாய் இந்த ஊரில் ஒன்றுதான். அந்த வாய்தான் கோணிப்போய்க் கிடந்தது.

ஊர்ப் பெரியவர் கெட்டவர் இல்லை. திருவிழா நின்றால் ஊருக்கு ஆகாது என்று அவர் உண்மையாகவே நம்பினார். பக்கத்து ஊரிலிருந்து வேறு சாமியாடியை அழைத்துவந்து உத்தரவு கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். நல்ல யோசனைதான். ஆள் வந்து சேர்வதற்குள் கெடு முடிந்துவிடும். டாக்டரம்மா கையிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி முன்னால் வந்தார். இடது கையால் தன் வலது கையைத் தூக்கி ஊர்ப் பெரியவரிடம் நீட்டினார். விழுந்த கை அது.

“எனக்கு... கட்டு.”

ஊர்ப் பெரியவருக்கு விளங்கவில்லை. தம்பி முழுசாகச் சொல்லி முடிக்கும் வரை இந்த முறை எல்லோரும் காத்திருந்தோம்.

“ஒரே... ரத்தம்.”

டாக்டரம்மா காலையிலிருந்து விளக்கியது அதுதான்.

வீட்டுக்காரம்மா பிடித்துக்கொண்டது. ஒரு பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பங்காளி அத்தனை பேருக்கும் தீட்டு என்கிறீர்களே, தீட்டு மட்டும் ரத்தத்தோடு போகும், காப்பு போகாதா என்று கேட்டது. காப்பை அவிழ்க்க வேண்டாம், கை மாற்றுங்கள், அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கு, காப்பு ஊருக்குள்ளேயேதான் இருக்கும் என்றது.

ஊர்ப் பெரியவர் அம்மன் கோவிலைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு குனிந்து அண்ணன் கையில் முடிச்சை அவிழ்த்தார். அது பூமியில் படாமல், அப்படியே தம்பி கையில் கட்டினார். அவர் கட்டி முடிப்பதற்குள் நாலு இளவட்டங்கள் சாமியாடியைத் தூக்கி வண்டியில் கிடத்திவிட்டார்கள். கொசுவைப் பற்றிக் கேட்டவன்தான் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியை எடுக்க விடவில்லை. வைத்தார்கள். நசுக்கிவிட்டுப் போனேன். இதற்கெல்லாம் சண்டை போடாதீர்கள். பழம் நசுங்க நேரம் ஆகாது, வாக்குவாதத்துக்குத்தான் ஆகும்.

எல்லைக்கல்லைத் தாண்டும்போது வீட்டுக்காரம்மா அவர் தலையை ஒருக்களித்து மடியில் பிடித்திருந்தது. டாக்டரம்மா போனில் ஸ்கேனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டி என் பக்கத்து சீட்டில் காலியாக ஆடிக்கொண்டு வந்தது. நாலுவழிச் சாலையில் ஏறிய பிறகு எவ்வளவு வேகத்தில் போனேன் என்று இங்கே எழுத மாட்டேன். நீங்களும் அந்த வேகத்தில் போகக் கூடாது.

கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தோம். ஊசி ஏறியது.

இந்த இடத்தில் வேலை பற்றி ஒன்று. அண்ணன் ரத்தம் பிறகு எங்களுக்குக் கிடைத்தது. திருவிழா முடிந்து, உடம்பு தேறி, தன் இஷ்டப்படி அவரே கையை நீட்டினார். ஆனால் ‘வராதவர்’ என்று எழுதி வைத்திருந்ததை அடித்து ‘வந்தவர்’ என்று எழுத வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பத்தில் இப்போது எங்களுக்கு வராதவர் ஒருவரும் இல்லை. டாக்டரம்மாவுக்கு ஆராய்ச்சியில் அது நஷ்டம். வராதவர் என்றால் இன்று வரை வராதவர் என்றுதான் அர்த்தம். நீங்கள் ரத்தம் எடுக்கப் போகிற வீட்டில், நோய் வந்தவரை மட்டும் பார்க்காதீர்கள். திடமாக நின்று உங்களோடு சண்டை போடுகிறவரையும் பாருங்கள். பிரஷர் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வாருங்கள். எந்த மரபணு என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கிடைக்கிற வரை பிரஷர் மெஷின் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

ஊசி போட்டுப் பொழுது சாய்ந்தும் அவருக்குப் பேச்சு வரவில்லை. கை லேசாக அசைந்தது. கால் அசைந்தது. வாய் மட்டும் அப்படியே. ஊர்ப் பெரியவர் எனக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். தம்பி காப்போடு கோவிலில் இருக்கிறார், ஒரு குறையும் இல்லை, அங்கே எப்படி என்று கேட்பார். இன்னும் பேசவில்லை என்பேன். வைத்துவிட்டு மறுபடியும் போடுவார்.

வீட்டுக்காரம்மா டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது. பேச்சு வருமா? வரலாம், வராமலும் போகலாம், காலையில் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. முன்னே சொன்னேனே, பொய் வராது.

“கை வரலன்னா பரவால்ல” என்றது அந்தம்மா என்னிடம். “சோறு நான் ஊட்டிருவேன். வாயி போச்சுன்னா இந்த மனுசன் இருக்க மாட்டாரு.”

காலையில் டாக்டரம்மா வார்டுக்கு வந்தபோது நானும் பின்னால் போனேன். சாமியாடி கண் திறந்திருந்தார். வாய்க் கோணல் குறைந்திருந்தது. டாக்டரம்மா பையிலிருந்து பேனாவை எடுத்துக் காட்டி, இது என்ன என்று கேட்டார். அவர் பார்த்தார். உதடு கூடியது. பிரிந்தது. வீட்டுக்காரம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

“பேனா” என்றார்.

கட்டைக் குரல். ஆனால் வார்த்தை முழுசாக இருந்தது. டாக்டரம்மா கடிகாரத்தைக் காட்டினார். வாட்ச் என்றார். டம்ளர், ஜன்னல், ஃபேன். ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னார். என் முறை வந்தது. டாக்டரம்மா என்னைக் காட்டினார். தீர்த்தம் குடித்த டிரைவர் என்றார் சாமியாடி. அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறார்.

பிறகு டாக்டரம்மா வீட்டுக்காரம்மாவைக் காட்டி, இது யார் என்று கேட்டார்.

அவர் பார்த்தார். பதில் வரவில்லை. இவ்வளவு நேரம் வந்தது, இதற்கு வரவில்லை. டாக்டரம்மா, அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

“பாண்டியம்மா” என்றார்.

அந்தம்மா கட்டில் கம்பியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டது. டாக்டரம்மா பயந்துபோய், சரியாகத்தானே சொன்னார், பேர் அதுதானே என்று கேட்டார்.

“எம் பேருதான்” என்றது. “கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து ‘இந்தா’ன்னுதான் கூப்புடுவாரு. எம் பேரு இவருக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது.”

முந்தானையால் முகத்தைத் துடைத்தது. பிறகு டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தது.

“நல்லாத் தேறிட்டாரான்னு பாக்கணும்ல. இன்னொருக்கா கேளுங்க.”

டாக்டரம்மா மறுபடியும் கேட்டார்.